சிறுநீர் காட்டிய உண்மை

புற்றுநோய்க் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிட்டால் நோய் குணமாகிவிட்டதாகக் கொள்ளலாமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியதால் வேலையை இழந்தவர் மருத்துவர் மின் சியூ லீ.

1919-இல் சீனாவில் பிறந்த லீ, மருத்துவப் பட்டம் பெற்றபின் 1947-இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். 1955-இல் அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் சேர்ந்தார். அங்கு அவர் சிகிச்சையளித்த நோய் கோரியோகார்சினோமா. நஞ்சுக்கொடியின் உயிரணுக்களில் தோன்றும் அரிய புற்றுநோய் இது. முத்துப்பிள்ளைக் கர்ப்பம், கருச்சிதைவு, சில வேளைகளில் சாதாரண பிரசவத்திற்குப் பிறகும் இது வரக்கூடும். மிக வேகமாக நுரையீரலுக்குப் பரவும். அக்காலத்தில், பரவிய பிறகு பிழைத்தவர்கள் மிகச் சிலரே.

1956-இல், நுரையீரலில் இரத்தக் கசிவோடு உயிருக்குப் போராடிய ஓர் இளம்பெண்ணுக்கு லீ மெத்தோட்ரெக்சேட் மருந்தைச் செலுத்தினார். உயிரணுக்கள் பெருகுவதற்குத் தேவையான ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் உருவானது. பின்னர் எக்ஸ்ரே படத்தில் கட்டிகள் மறைந்தன.

மற்றவர்கள் மகிழ்ந்தனர், லீ நிம்மதியடையவில்லை. இந்தப் புற்றணுக்கள் எச்சிஜி என்னும் ஹார்மோனைச் சுரப்பவை. கர்ப்பப் பரிசோதனையில் கண்டறியப்படுவதும் அதே ஹார்மோன்தான். கட்டிகள் மறைந்த பின்னும் சிறுநீரில் எச்சிஜி சிறிதளவு இருந்தது. அப்படியானால் உடலில் எங்கோ புற்றணுக்கள் ஒளிந்திருக்க வேண்டும் என்று கணித்தார். அந்த அளவு இயல்புநிலைக்கு வரும்வரை மருந்தைத் தொடர்ந்தார்.

மருந்தின் பக்கவிளைவுகளோ கடுமையானவை. கட்டியே இல்லாத நோயாளிக்கு நஞ்சைக் கொடுப்பதா என்று மேலதிகாரிகள் எதிர்த்தனர். 1957-இல் லீ பணிநீக்கம் செய்யப்பட்டார்.

காலம் விடை சொன்னது. சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது. லீயின் முறைப்படி முழுமையாகச் சிகிச்சை பெற்றவர்கள் நலமுடன் வாழ்ந்தனர். பெரியவர்களுக்கு உடலெங்கும் பரவிய கட்டிப் புற்றுநோயை மருந்தால் மட்டுமே குணப்படுத்த முடியும் என்பது முதன்முறையாக நிரூபணமானது.

1972-இல் லாஸ்கர் விருது பெற்றவர்களில் லீயும் ஒருவர். 1980-இல் அவர் காலமானார். இன்று இந்நோய் கண்ட பெண்களில் மிகப் பெரும்பாலோர் குணமடைகின்றனர். எச்சிஜி இயல்புநிலைக்கு வந்த பிறகும் சில சுற்றுகள் மருந்து கொடுத்த பின்னரே மருத்துவர்கள் சிகிச்சையை முடிக்கின்றனர். கட்டிகள் மறைந்த பின்னும் மருந்தைத் தொடர்ந்ததற்காகத்தான் லீ வேலையை இழந்தார்.