வாரிசில்லாத சுவார்ட்ஸ் ஐயர் எழுதி வைத்த பங்கு



நம்ம மாமல்லபுரம் பக்கம் ரோட்டோர மனைக்கு விலை ஏறினதிலிருந்து, தகப்பன் அடக்கம் முடியும் முன்னே பிள்ளைகள் பங்கு பேசுகிற வீடுகளைப் பார்க்கிறோம். அதனால்தான் இந்த மாதம் ஒரு பழைய ஊழியக்காரரின் ஜீவியத்தை எழுதுகிறேன்.

சுவார்ட்ஸ் ஐயர் 1726-ல் பிரஷ்ய தேசத்தில் பிறந்தார். தாயார் மரணப்படுக்கையிலேயே அவரைத் தேவ ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தார். இந்தியாவுக்குப் புறப்படும்போது, தகப்பன் சொத்தில் தனக்கு வரவேண்டிய பங்கை உடன்பிறந்தாருக்கே விட்டுவிட்டார். 1750-ல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். கலியாணம் பண்ணவில்லை. சோறும் காய்கறியும் போதும் என்று இருந்தார்.

பணம் அவர் கைக்கு வராமல் இல்லை! 1779-ல் ஐதர் அலியிடம் சமாதானத் தூது போனார். ஐதர் வழிச்செலவுக்குக் கொடுத்த 300 ரூபாயை அப்படியே சென்னையில் கும்பினி அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொல்லவே, தஞ்சாவூரில் ஒரு தர்மப் பள்ளிக்கூடத்துக்கு அதையே முதல் பணமாக வைத்தார்.

பிறகு யுத்தம் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள்ளே ஜனங்கள் பட்டினி. ராஜா பேச்சையும் நம்பாமல், கும்பினி பேச்சையும் நம்பாமல் இருந்த குடியானவர்கள், ஐயர் பணத்துக்குப் பொறுப்பு என்றதும் மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வந்து சேர்ந்த நெல் 80,000 கலம்! காசைக் கையில் ஒட்டவிடாத ஆளைத்தான் ஜனங்கள் நம்புவார்கள். காணிக்கை கேட்கிற ஊழியக்காரராகிய எங்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்லுகிறேன்.

1798 பிப்ரவரி 13-ந்தேதி தஞ்சாவூரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பிள்ளையில்லாத அவர், மிஷன் ஊழியத்தையே வாரிசாக்கிவிட்டுப் போனார். அவருடைய உடன் ஊழியர் வேப்பேரி கெரிக்கே ஐயரும் 1803-ல் மரித்தபோது மிஷனுக்கு ஆஸ்தி விட்டுச் சென்றார்.

உங்களில் வயதானவர்கள் ஒரு பங்கை ஊழியத்துக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, அனாதை இல்லத்துக்கோ உயிலில் எழுதி வைக்க ஜெபத்தோடு யோசியுங்கள். முன்பெல்லாம் நெருங்கிய சொந்தம் உள்ள கிறிஸ்தவர், மரணத்துக்குப் பன்னிரண்டு மாதம் முன்பே உயில் எழுதியிருந்தால்தான் தர்மத்துக்குச் செல்லும் என்று 1925-ம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டத்தில் 118-ம் பிரிவு இருந்தது. 2003-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஆனாலும் கடைசி மூச்சுக்குக் காத்திருக்க வேண்டாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்து அவசியம். பிள்ளைகளுக்கு மறைத்து எழுதாதீங்க. ஐயரும் தன் வீட்டாருடைய காரியத்தை முடித்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்.