ஒரே கேள்வி... ஒரு சர்வரில் மின்னல், இன்னொன்றில் ஆமை! யார் இந்த எட்கர் காட்?

டிக்கெட் இருக்கானு தேடுறீங்க... திரை சுத்திக்கிட்டே நிக்குதா? உள்ளே ஒரு டேட்டாபேஸ் விடை தேடிட்டு இருக்கு. இன்றைய டேட்டாபேஸ்கள் பலவற்றுக்கும் அடித்தளம் போட்டவர் எட்கர் காட்.

1923-ல் இங்கிலாந்தின் போர்ட்லேண்ட் தீவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார், இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பறந்தார். 1948-ல் நியூயார்க் போய் ஐபிஎம்மில் சேர்ந்தார். மெக்கார்த்தி காலத்து கம்யூனிஸ்ட் வேட்டை பிடிக்காமல் 1953-ல் கனடாவுக்கே கிளம்பிட்டார். பிறகு அமெரிக்கா திரும்பி, 40 வயதைத் தாண்டி மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அப்போதெல்லாம் ஒரு தகவலை எடுக்க, எந்த வழியா போகணும்னு புரோகிராமரே எழுதணும். 1970-ல் காட் வெளியிட்ட கட்டுரை இதைத் தலைகீழாக்கியது. தகவல்களை அட்டவணைகளாக வைங்க, என்ன வேணும்னு மட்டும் கேளுங்க, வழியை மெஷின் பார்த்துக்கும். இதுதான் அதன் சாரம்.

வேகம் வராதுனு பலர் சந்தேகப்பட்டாங்க. ஐபிஎம்மும் தயங்கியது; அதன் பழைய ஐஎம்எஸ் நல்லா வித்துட்டு இருந்ததே! அதே நிறுவனத்தின் சிஸ்டம் ஆர் குழுதான் பதில் சொன்னது. பல வழிகளுக்கும் செலவைக் கணக்குப் போட்டு மலிவானதைப் பிடிக்கும் 'ஆப்டிமைசர்' பற்றி, 1979-ல் பட்ரிசியா செலிங்கர் குழு எழுதியது. அதே ஆண்டு ஆரக்கிள் முந்திக்கொண்டு சந்தைக்கு வந்துவிட்டது.

பதிப்பு மாறினால் வேகம் ஏன் மாறுது?

ஆப்டிமைசர் போடுவது மதிப்பீடுதான். புள்ளிவிவரமும் சர்வரின் வசதியும் மாறினால் வழியும் மாறும். உதாரணம், மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் 2022. இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் தரவுப் பக்கங்களை நினைவகத்தில் வைக்க 1,410 எம்பிதான், அதிகபட்சம் 4 கோர். எண்டர்பிரைஸில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. இண்டெக்ஸ்டு வியூவை எண்டர்பிரைஸ் தானாகவே பயன்படுத்தும். ஸ்டாண்டர்டில் நோ-எக்ஸ்பாண்ட்னு நாமதான் சொல்லணும்.

அதனால காசு கொட்டி பெரிய பதிப்பு வாங்கும் முன், இரண்டு சர்வரின் எக்ஸிகியூஷன் பிளானையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. மதிப்பிட்ட வரிகள் 10, வந்தது 10 லட்சமா? ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பழசாகியிருக்கலாம். அதைப் புதுப்பிக்க லைசென்ஸ் செலவே இல்லை. பிளான் ஒண்ணாவே இருந்தா நினைவகம், டிஸ்க் பக்கம் திரும்புங்க.

காட்டுக்கு 1981-ல் டியூரிங் விருது கிடைத்தது. ரிலேஷனல்னு பெயரை மட்டும் ஒட்டி விற்றவர்கள் மேல் கடுப்பாகி, 1985-ல் 12 விதிகள் வெளியிட்டார் (பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் எண்ணினா 13!). 2003 ஏப்ரல் 18 அன்று ஃபுளோரிடாவில், 79 வயதில் காலமானார்.