மழைக்காட்டில் நடந்த ரிட்லி

ஈசூனுக்கு முன்பு நீ சூன் என்று பெயர். அன்னாசியிலும் ரப்பரிலும் பெரும் பணம் ஈட்டிய தொழிலதிபர் லிம் நீ சூனின் பெயர் அது. மூத்தவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதற்கும் முந்தைய பெயர் சான் சூ காங். மிளகும் காசுக்கட்டியும் பயிரிட்ட சீனர்கள் வைத்த பெயர். அந்தப் பழைய பெயரை, உலர்ந்த செடிகள் ஒட்டிய தாள்களின் ஓரத்தில் மையால் எழுதி வைத்தவர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. பால்மரத்தோடு சேர்த்துத் தோட்டத் தமிழர்கள் பலர் கேள்விப்பட்டிருக்கும் பெயர். அவர் கால்நடையாகத் திரிந்த காடுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1855 டிசம்பர் 10ஆம் தேதி இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்ஃபர்டில் படித்துவிட்டு, லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரப் பிரிவில் வேலை பார்த்தார். 1888இல் சிங்கப்பூருக்கு வந்தபோது வயது 32. நாம் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் பூங்காவுக்கு இயக்குநர். அதோடு சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்று இடங்களின் பூங்காக்களும் காடுகளும் அவர் பொறுப்பில் வந்தன.

மேசையில் உட்கார்ந்து கோப்பு பார்த்தே அந்தப் பதவியை ஓட்டியிருக்கலாம். ரிட்லி நடந்தார். புக்கிட் தீமா, மண்டாய், கிராஞ்சி, சாங்கி, ஜூரோங், துவாஸ் என்று தீவின் எல்லா மூலைகளிலும் அவர் பறித்த செடிகள் இருக்கின்றன. சாலை இருந்தவரைதான் குதிரை வண்டி. அதற்கப்பால் ஒற்றையடிப் பாதை, அதுவும் முடிந்த இடத்தில் பாராங் கத்தியால் வெட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

சிங்கப்பூர் மழையைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை, மற்ற மாதங்களில் பிற்பகல் இடிமழை. செடி சேகரிப்பவருக்கு மழை இரு விதமாகத் தொல்லை தரும். வழியெல்லாம் சேறு, வழுக்கல், உடம்பு முழுதும் ஈரம் என்பது ஒன்று. பறித்த செடி காயாமல் போவது இன்னொன்று. பறித்ததைத் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, ஈரத்தாளை எடுத்து உலர்ந்த தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பத்து மைல் நடந்து கொண்டுவந்தது குப்பைக்குப் போகும். இந்தச் சுமைகளைத் தூக்கியவர்களில் பெரும்பாலோரின் பெயர் புத்தகங்களில் இல்லை.

சான் சூ காங் சதுப்புக் காடு அவருடைய நடைகளில் முக்கியமான இடம். கால் வைத்தால் புதையும் கறுப்புச் சேறும், நீருக்கு மேல் முட்டி மடக்கி நிற்கும் வேர்களும் கொண்ட நன்னீர்ச் சதுப்பு அது. 1880களிலேயே தீவின் பழங்காட்டில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்கவில்லை. மிளகுக்கும் காசுக்கட்டிக்கும் வெட்டித் தீர்த்திருந்தார்கள். ரிட்லி சுற்றியது மிச்சம் மீதியில்தான். அந்த மிச்சத்திலிருந்தே 1900இல் சிங்கப்பூரின் தாவரங்களுக்கு ஒரு முழுப் பட்டியலை வெளியிட்டார். நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமை 1893இல் உலகுக்கு எழுதி அறிவித்தவரும் அவரே. அந்தப் பூவை அவரிடம் கொண்டுவந்தவர் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணி.

அவருடைய நடைகளில் கடினமானது பகாங்கில் நடந்தது. 1891இல் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் வில்லியம் டேவிசன், ராணுவ அதிகாரி கெல்சால் ஆகியோருடன் தீபகற்பத்தின் மிக உயர்ந்த மலையான குனோங் தகானுக்குப் புறப்பட்டார். உயரம் 2,187 மீட்டர். அதுவரை யாரும் அதன் உச்சியை எட்டியதாகப் பதிவு இல்லை. பகாங் ஆறு, தெம்பிலிங் ஆறு, தகான் ஆறு என்று படகில் எதிர்நீச்சலாகப் போய், பாறைகள் மறித்த இடங்களில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. கொண்டுபோன அரிசி தீர்ந்துகொண்டே வந்தது. மலையை எட்டாமலே திரும்பினார்கள். ரிட்லிக்கு அப்போது 35 வயது.

இதற்கிடையில் பூமலையில் பால்மரங்கள் வளர்ந்து நின்றன. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குப் போன விதைகளில் முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்திருந்தன. அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின. ரிட்லி வந்த நேரத்தில் யாரும் அவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை. பிரேசிலில் பால் எடுத்த முறை முரட்டுத்தனமானது. கோடரியால் கொத்துவார்கள், மரம் புண்ணாகிச் சாகும். ரிட்லி 1890களில் திரும்பத் திரும்பச் சோதித்து வேறு வழி கண்டார். பட்டையில் சாய்வாக ஒரு கோடு கீறி, மறுமுறை அதே கோட்டின் கீழ்விளிம்பில் மெல்லிய சீவல் மட்டும் எடுப்பது. மரம் சாகவில்லை, பட்டை மறுபடி வளர்ந்தது. வெட்ட வெட்டப் பாலும் கூடியது. நடுவில் ஒரு நேர்கோடு, இருபுறமும் சாய்கோடுகள் என்று மீன்முள் போன்ற வடிவில் அந்த வெட்டு பரவியது. தோட்டத்தில் உளி பிடித்த கைகள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலைக்கு ஆரம்பம் இதுதான்.

வழி கிடைத்துவிட்டது, நடுவதற்கு ஆள்தான் கிடைக்கவில்லை. துரைமார்கள் காப்பியை நம்பியிருந்தார்கள். ரிட்லி அவர்களைத் தேடிப்போய், சட்டைப் பைகளில் ரப்பர் விதைகளைத் திணித்து அனுப்புவாராம். பைத்தியக்கார ரிட்லி என்ற பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ரப்பர் விதை சில வாரங்களில் உயிர் இழந்துவிடும். வாங்கியவர் உடனே நட்டால்தான் உண்டு. அவருடைய அவசரத்துக்கு அதுவும் காரணமாக இருந்திருக்கும். கடைசியில் அவர் பேச்சைக் கேட்டவர் வெள்ளைக்காரர் அல்லர். மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்ற சீன வணிகர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டார். மலாயாவின் முதல் ரப்பர் தோட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

காப்பி விலை விழுந்தது, மோட்டார் வண்டி வந்தது. ரிட்லி சிங்கப்பூருக்கு வந்த அதே 1888இல்தான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1910 வாக்கில் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. காடு தோட்டமாயிற்று. அந்தத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கக் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று ஈசூனிலும் ஈப்போவிலும் இருக்கும் நம்மில் பலர்.

அவர்களுக்கும் மழைக்கும் வேறு கணக்கு. விடியுமுன் பிரட்டு, பிறகு இருட்டிலேயே மரம் மரமாக வெட்டு. வெயில் ஏறுமுன் பால் நன்றாக இறங்கும். மழை பெய்தால் பட்டை நனைந்து, பால் தடத்தில் இறங்காமல் மரம் முழுதும் பரவி வழியும். மங்கில் விழுந்ததிலும் தண்ணீர் கலக்கும். அதனால் மழை நாளில் வெட்டு இல்லை. பல தோட்டங்களில் வெட்டு இல்லையென்றால் பேரும் விழாது. விடாமல் பெய்யும் மாதங்களில் லயத்து வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மழை என்பது கடைக்கணக்கில் ஏறும் கடன். ரிட்லிக்குச் செடி மட்டுமே நனைந்தது. கூலிமுறையை அமைத்தவர் அவர் அல்லர், அதில் அவருக்குப் பங்கும் இல்லை. என்றாலும் அவர் கீறிய கோட்டில்தான் அத்தனை பேரின் காலைப்பொழுதுகளும் கழிந்தன.

இன்னொரு முரண்பாடும் உண்டு. காட்டை இவ்வளவு நேசித்து நடந்த மனிதரின் விதைதான் தீபகற்பத்தின் காட்டை மிக வேகமாக அழித்தது. சான் சூ காங்கிலும் அதுவே நடந்தது. லிம் நீ சூன் அங்கே அன்னாசியும் ரப்பரும் நட்டார், ரப்பர் ஆலையும் வைத்தார். இளம் ரப்பர் கன்றுகளுக்கு இடையில் அன்னாசி போடுவது அந்நாளைய வழக்கம். ரப்பர் பால் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும், அதுவரை அன்னாசி காசு தரும். ஊருக்கு அவர் பெயர் வந்தது. அந்தப் பகுதித் தோட்டங்களிலும் பிறகு செம்பவாங் கடற்படைத் தளத்திலும் தமிழர்கள் வேலை செய்தார்கள். தளத்துத் தமிழர்கள் ஒரு மரத்தடியில் வேல் வைத்துக் கும்பிடத் தொடங்கிய கோயில்தான் ஈசூனில் இன்று பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் அலைமோதும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம்.

ரிட்லி குனோங் தகானை மறக்கவில்லை. 1905இல் வேறு குழு ஒன்று உச்சியை எட்டிவிட்டது. 1911இல், பணி ஓய்வு நெருங்கிய நேரத்தில், 55 வயதில் மறுபடி அங்கே போனார். தாழ்வான காட்டில் அட்டைகள், மேலே போகப் போகப் பாசி மூடிய குட்டை மரங்கள், அதற்கும் மேலே மேகம் நின்று நனைத்துக்கொண்டேயிருக்கும் திறந்த மேட்டுநிலம். அங்கிருந்து பறித்துக் கொண்டுவந்தவற்றைப் பற்றி 1915இல் நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டார். முதல்முறை தோற்றுத் திரும்பி இருபது ஆண்டுகள் கழித்து அதே மலைக்குப் போகும் பிடிவாதம், விதையைப் பையில் திணித்த பிடிவாதத்துக்குச் சொந்தம்தான்.

1912இல் இங்கிலாந்து திரும்பி, கியூ பூங்காவுக்கு அருகே குடியிருந்தார். மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றிய ஐந்து தொகுதிகள் 1922க்கும் 1925க்கும் இடையில் வெளிவந்தன. இருபதாண்டுக்கு மேல் நடந்த நடையின் விளைச்சல் அது. எண்பது வயதைத் தாண்டிய பிறகு திருமணம் செய்துகொண்டார். நூறு வயது நிறைந்து, 1956 அக்டோபர் 24ஆம் தேதி காலமானார். அப்போதும் நீ சூனில் பால்மரங்கள் நின்றன.

அவை இப்போது இல்லை. அந்த இடங்களில் வீவக புளோக்குகளும் தொழிற்பேட்டையும் இருக்கின்றன. சதுப்புக் காட்டில் ஒரு துண்டு மட்டும், நீர்ப்பிடிப்பு வனத்துக்குள், நீ சூன் என்ற பழைய பெயரோடு தப்பியிருக்கிறது. சிங்கப்பூரில் பெரிய அளவில் மிஞ்சிய நன்னீர்ச் சதுப்பு அது ஒன்றுதான். அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது. ஆய்வாளர்கள் அங்கே ஒரு செடியைக் கண்டு அது என்னவென்று உறுதி செய்ய வேண்டுமானால், பூமலையின் உலர்தாவரக் கூடத்துக்குப் போய் ஒரு பழைய தாளை எடுத்துப் பார்க்கிறார்கள். ஓரத்தில் ரிட்லி என்றும், சான் சூ காங் என்றும் இருக்கும்.