இருளைப் படம் பிடித்த நாதார்

பாரிசு மாநகரின் தெருக்களுக்கு அடியில் மற்றொரு நகரம் உண்டு. வீடு கட்டுவதற்குக் கல் வெட்டியெடுத்ததனால் உண்டான சுரங்கங்கள் அங்கே நெடுந்தொலைவு நீண்டு கிடக்கின்றன. நகரின் இடுகாடுகள் நிரம்பி வழிந்தமையால், 1786 முதல் அவற்றிலிருந்த எலும்புகளை அகழ்ந்தெடுத்து அச்சுரங்கங்களிற் சேர்க்கலாயினர். ஏறத்தாழ 60 இலட்சம் மக்களின் எலும்புகள் அங்கே மதில் போல அடுக்கப்பட்டன. கதிரவன் ஒளி புகாத அவ்விடத்தை உலகம் காணுமாறு செய்தவர் நாதார் என்பவர்.

கஸ்பார் பெலிக்ஸ் தூர்நாஷோன் என்னும் இயற்பெயருடைய அவர் 1820-இல் பாரிசிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து வறுமையுற்ற அவர், செய்தித்தாள்களுக்கு எழுதியும் கேலிச் சித்திரம் வரைந்தும் வாழ்க்கை நடத்தினார். நாதார் என்பது அவர் பூண்ட புனைபெயர். பின்னர் ஒளிப்படக் கலையிற் புகுந்து, அறிஞர் பலரைப் படமெடுத்துப் புகழெய்தினார். 1858-இல் கூண்டுப் பலூனில் ஏறி வானிலிருந்து படம் பிடித்தார். வானை வென்றவருக்கு நிலத்தின் அடிவயிற்றையும் காணவேண்டும் என்னும் வேட்கை பிறந்தது.

அக்காலத்து ஒளிப்படம் கதிரவனையே நம்பியிருந்தது. மருந்து பூசிய கண்ணாடித் தகட்டை ஈரம் உலருமுன் பயன்படுத்திக் கழுவிவிடவேண்டும். ஒளி குறைந்த இடத்திலோ தகட்டில் ஒன்றும் பதியாது. ஆதலின் நாதார் மின்னொளியை நாடினார். அமிலம் நிறைந்த மின்கலங்கள் பலவற்றை இணைத்து, இரண்டு கரிக்கோல்களின் முனைகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்து கண்ணைக் கூசும் ஒளி எழுமாறு செய்தார். இம்முறைக்கு 1861-இல் காப்புரிமையும் பெற்றார்.

சுரங்கத்திலோ இடர்கள் பல. மின்கலங்களைக் குறுகிய வழிகளிற் கொண்டு செல்ல இயலவில்லை. அவற்றைத் தெருவிலேயே நிறுத்திக் கிணறு போன்ற துளைகளின் வழியே கம்பிகளை இறக்கினார். சிற்சில படங்களுக்கு 18 நிமிடம் வரை ஒளி பாய்ச்ச வேண்டியிருந்தது. அத்துணை நேரம் அசையாது நிற்க மனிதரால் ஆகுமோ? ஆதலின் தொழிலாளியின் உடை அணிவித்த பொம்மைகளை எலும்பு வண்டியருகே நிறுத்தினார். கூர்ந்து நோக்குவோர்க்கு அவை பொம்மைகளே என்பது விளங்கும்; எனினும் அங்கே உழைத்தோரை நினைவூட்ட அவற்றை விடச் சிறந்த வழி அன்று இல்லை.

அடுத்து நகரின் கழிவுநீர்ச் சாக்கடைகளிலும் இறங்கினார். அங்கே நெடுநேரம் ஒளி பாய்ச்சி வேலை முடியும் தறுவாயில், கழிவுநீரிலிருந்து ஆவி எழுந்து தகட்டை மறைத்துவிடும். மீண்டும் புதுத்தகடு பூசித் தொடங்குவார். இவ்வாறு ஏறத்தாழ 3 மாதம் உழைத்து, ஏறக்குறைய 100 படங்களுடன் மேலேறினார்.

1870-இல் பகைவர் பாரிசை முற்றுகையிட்டபோது, பலூன் வழியே கடிதங்களை அனுப்பும் பணியில் அவர் ஈடுபட்டார். 1874-இல், பலரால் இகழப்பட்ட புதுமை ஓவியர் சிலர் தம் முதற் கண்காட்சியை நடத்தியது அவருடைய பழைய ஒளிப்பட நிலையத்திலேதான். 1910-இல், 89-ஆம் வயதில் நாதார் காலமானார்.