ஆத்துமப் பட்டணத்தின் யுத்தம் – ஜாண் பன்யன்

மோட்சப் பிரயாணம் என்ற புத்தகம் நம்மில் அநேகர் வீட்டில் இருக்கும். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை அதைத் தழுவி 1894ல் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தையே தந்தார். ஆனால் அதே ஜாண் பன்யன் 1682ல் எழுதின பரிசுத்த யுத்தம் என்கிற கதையை வாசித்தவர்கள் எத்தனை பேர்? பிசாசோடு நடக்கிற போரைக் கதையாக எழுதினவர்களில் அவர் ஒரு முன்னோடி. அதை அவர் சும்மா உட்கார்ந்து கற்பனை பண்ணவில்லை, பட்டு எழுதினார்.

1628ல் இங்கிலாந்தில் பெட்போர்டு பக்கத்தில் எல்ஸ்டோ கிராமத்தில் பிறந்தார். அப்பா ஓட்டைப் பாத்திரம் அடைக்கிறவர், மகனுக்கும் அதே தொழில். வாயைத் திறந்தால் சாபமும் ஆணையும்தான். 1644ல் தாயும் சகோதரியும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதே வருஷம் பட்டாளத்தில் சேர்ந்தார். ஒருநாள் முற்றுகைக்குப் போக இவர் பேர் வந்தது. இன்னொரு சிப்பாய் இவருக்குப் பதிலாகப் போனான். காவல் நிற்கையில் தலையில் குண்டு பாய்ந்து செத்தான்.

பிற்பாடு கலியாணம் ஆச்சு. வீட்டில் ஒரு தட்டு, ஒரு கரண்டிகூட இல்லை. மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்திப் புத்தகங்கள். பெட்போர்டு தெருவில் சில ஏழைப் பெண்கள் வெயிலில் வாசலோரம் உட்கார்ந்து மறுபிறப்பைப் பற்றிப் பேசினதைக் கேட்டு அசந்துபோனார். அந்தச் சந்தோஷம் தன்னிடம் இல்லையே என்று அவருக்குத் தெரிஞ்சது.

அதற்கப்புறம்தான் பயங்கரப் போராட்டம். கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு என்று ஒரு சத்தம் ஏறக்குறைய ஒரு வருஷம் அவரை விடாமல் துரத்தியது. சாப்பிடும்போதும் வரும், படுக்கையிலும் வரும். மாட்டேன் மாட்டேன் என்று எதிர்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் காலையில் களைத்து மனசை விட்டுவிட்டார். அவ்வளவுதான், ஏசாவைப்போல எல்லாம் போச்சு என்று வெகுகாலம் புலம்பித் திரிந்தார். தேவகிருபையால் அதிலிருந்து மீண்டு பிரசங்கிக்கத் தொடங்கினார்.

1660ல் அனுமதியில்லாமல் கூட்டம் நடத்தினார் என்று பிடித்தார்கள். இனிப் பிரசங்கம் பண்ணமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம். சொல்லவில்லை! இரண்டாம் மனைவி எலிசபெத் அப்போது கர்ப்பவதி. கைதான அதிர்ச்சியில் பிறந்த பிள்ளையும் தங்கவில்லை. மூத்தாள் பிள்ளைகள் நாலு பேர், அதில் மேரி பார்வையில்லாதவள். அந்தப் பிள்ளையை நினைக்கும்போதெல்லாம் அவர் இருதயம் நொறுங்கியது. எலிசபெத் 1661ல் மாத்யூ ஹேல் முதலான நீதிபதிகளுக்கு முன்பாகத் தைரியமாய் நின்று மன்றாடினாள். பலனில்லை. 12 வருஷம் ஜெயில். நாடாக்களுக்கு முனையில் தகடு பொருத்தி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

1672ல் விடுதலையாகி, சபையை மேய்த்துக்கொண்டே எழுதினார். பரிசுத்த யுத்தம் கதையில் வரும் ஊருக்கு மான்சோல் என்று பேர், அதாவது மனுஷ ஆத்துமா. காது, கண், வாய், மூக்கு, தொடு உணர்வு என்று 5 வாசல்கள். உள்ளே இருக்கிறவர்கள் சம்மதிக்காமல் எந்த வாசலும் திறக்காது. டயபோலஸ் முதலில் எங்கே வருகிறான் பாருங்க, காது வாசலுக்கு! இதை வாசித்தபோது அந்த ஒரு வருஷச் சத்தம் எனக்கு ஞாபகம் வந்தது. பிராங்க் பெரெட்டி 1986ல் எழுதின நாவலில் தேவதூதரும் பிசாசுகளும் ஒரு சின்ன ஊருக்காகப் போராடுகிறார்கள். விறுவிறுப்பாய்த்தான் இருக்கும். பன்யனோ சண்டையை நமக்குள்ளேயே வைத்துவிட்டார்.

இம்மானுவேல் வந்து ஊரை மீட்கிறார். கதை அதோடு முடியவில்லை. ஜனங்கள் அசட்டையாகிறார்கள், அவர் மெள்ள வெளியேறுகிறார், கொஞ்சநாள் யாருக்கும் அது தெரியவேயில்லை. சந்தேகக்காரர் சேனை ஊருக்குள் புகுந்துவிடுகிறது. இருதயமாகிய கோட்டை மட்டும் பிடிபடவில்லை. ஜனங்கள் தாங்களாக எழுதின விண்ணப்பங்களுக்குப் பதில் வரவில்லை. ஆவியானவரைக் குறிக்கிற பிரதான செயலர் எழுதித் தந்த விண்ணப்பம்தான் போய்ச்சேருகிறது.

1688ல் பிணங்கியிருந்த ஒரு தகப்பனையும் மகனையும் ஒப்புரவாக்க ரெடிங் ஊருக்குப் போனார். அங்கிருந்து லண்டனுக்குக் குதிரையில் வரும் வழியில் மழையில் நனைந்து காய்ச்சலில் விழுந்தார். ஆகஸ்டு 31ல் ஒரு மளிகைக்காரர் வீட்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பன்ஹில் பீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர் சரீரம் இருக்கிறது.