தம்முடலையே சோதித்த தகையாளர் ஹாஃப்கின்

எம் மாணவர் பலருடைய முன்னோர், ஊவாத் தோட்டங்களை நாடித் தமிழகத்தினின்றும் வந்த காலையில், வழியிலே வாந்திபேதிக்கு உற்றாரைப் பறிகொடுத்தனர். அந்நோய்க்குத் தடுப்பூசி கண்டு, இந்தியத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்கும் அதனை ஏற்றிய வால்தெமார் ஹாஃப்கின் என்னும் பெரியாரைப் பதுளையிலிருந்து நாம் நினைத்தல் தகும்.

1860ஆம் ஆண்டிலே ஒடெசா நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த இவர், பாரிசுப் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி புரிந்தார். 1892 யூலை 18இல், தாம் ஆக்கிய மருந்தை முதலில் தம்முடலிலேயே ஏற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டு இந்தியா போந்து, கல்கத்தாச் சேரிகளிலும் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் அரும்பணி ஆற்றினார். பம்பாயிற் பிளேக்கு நோய் பரவியபோது, மூன்று திங்களில் அதற்கும் மருந்து கண்டு, 1897 சனவரி 10இல் மீண்டும் தம்முடலையே சோதனைக்களமாக்கினார்.

ஆயின், புகழோடு பழியும் வந்தது. 1902இல் பஞ்சாபின் முல்கோவாற் கிராமத்தில், ஒரே குப்பி மருந்தை ஏற்ற 19 பேர் ஏற்புவலியால் மாண்டனர். பழி ஹாஃப்கின்மீது சுமத்தப்பட்டது. அவர் பதவியினின்றும் அகற்றப்பட்டார். குப்பியைத் திறந்தபொழுது மண்ணில் விழுந்த இடுக்கி செவ்வனே தூய்மை செய்யப்படாமையே தீங்குக்கு ஏதுவென்பது பின்னர் புலனாயிற்று. ரொனால்ட் ரொஸ் முதலாய அறிஞர் அவருக்காகப் பரிந்து வாதிட்டனர். 1907இல் பழி நீங்கியது. அவர் கல்கத்தாவில் மீண்டும் பணியேற்றார்.

தடுப்பூசி ஏற்றிய உடலின் குருதியிலே பிறபொருளெதிரிகள் தோன்றுதலை அக்கால அறிஞர் அறிந்திருந்தனர். எண்ணிறந்த கிருமிகளுக்கேற்ப அவை எங்ஙனம் வேறுபடுகின்றன என்பதோ அன்று விளங்கவில்லை. யப்பானிய அறிஞர் தொனெகாவா 1976இல் அப்புதிரை விடுவித்தார். 247 எழுத்துக்களை மாற்றிக் கோத்து நாம் அளவிறந்த சொற்களை ஆக்குதல்போல, குருதியின் வெண்கலங்களுள் ஒருவகையின பரம்பரையலகுத் துண்டங்கள் சிலவற்றை மாற்றிக் கோத்துக் கோடிக்கணக்கான எதிரிவகைகளை ஆக்குகின்றன. கிருமியொன்று புகுங்கால், அதற்குப் பொருந்தும் எதிரியையுடைய கலமே பல்கிப் பெருகுகின்றது. அத்தகைய கலத்தைப் புற்றுக்கலத்தோடு இணைத்து, ஒரே வகை எதிரியை வேண்டுமளவு பெறும் வழியை 1975இற் கோலரும் மில்ஸ்டைனும் கண்டனர். இன்று நோயறி சோதனைகளும் புற்றுநோய் மருந்துகள் பலவும் அவ்வழியிற் பிறக்கின்றன.

பம்பாயில் ஹாஃப்கின் நிறுவிய ஆய்வுகூடம் 1925இல் அவர் பெயரையே பெற்றது. அன்னார் 1930இல் சுவிற்சலாந்தின் லொசான் நகரிற் காலமானார். மாணவர்காள்! பிறருக்கு ஈயுமுன் தம்மிடத்தே சோதித்த துணிவும், ஆராயாது சுமத்திய பழியை ஆராய்ந்தே அகற்றிய நேர்மையும் அறிவியலின் இரு கண்களாகும். இவ்விரண்டும் எம் கல்லூரியில் என்றும் நிலைப்பனவாகுக.