வெயிலுக்குக் காவல் நின்ற சிறுவன்

1864 டிசெம்பர் 16. அமெரிக்க உள்நாட்டுப் போரில், நாஷ்வில் நகருக்கு வெளியே இரண்டாம் நாளாகப் பெருஞ்சமர் நடந்துகொண்டிருந்தது. அந்த நகரில் பிறந்த எட்வேர்ட் எமர்சன் பார்னார்டுக்கு அன்று ஏழு வயது நிறைந்தது. அவன் பிறக்கும் முன்பே தகப்பன் இறந்துவிட்டார். பாடசாலைக்குப் போனது மொத்தமே இரண்டு மாதங்கள். வாசிக்கப் பழக்கியது தாய்.

போர் முடிந்த மறுவருடம், ஒன்பது வயது நிறையும் முன்பே, புகைப்பட நிலையமொன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே வெயிலைக் கொண்டு படங்களைப் பெருப்பிக்கும் பெரிய கருவியொன்று கூரைமேல் இருந்தது. சூரியன் நகர நகர அதைக் கையால் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். முன்னர் அந்த வேலைக்கு நின்ற பொடியன்கள் நித்திரையாகிவிட்டார்கள். இவன் கண்ணயரவில்லை. பதினாறு வருடங்களுக்கு மேல் அந்த நிலையச் சம்பளத்தில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது.

ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கான 380 டொலரைக் கொடுத்து ஐந்து அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். 1877இல் நாஷ்வில் வந்த பெரிய வானியலாளர் சைமன் நியூகொம், கணிதம் தெரியாமல் இதில் பெரிதாக ஒன்றும் செய்யமுடியாது என்று சொல்லிவிட்டார். பார்னார்ட் ஒதுங்கிப்போய் அழுதார். பிறகு ஆசிரியர் ஒருவரைப் பிடித்துக் கணிதம் படித்தார். வால்வெள்ளிகளைக் கண்டுபிடித்துப் பெற்ற பரிசுப் பணம் வீடு கட்ட உதவியது.

1883இல் வால்வெள்ளி தேடும்போது, ஓரியனுக்குக் கிழக்கே சிறு வெள்ளிக்கூட்டம் ஒன்றின் அருகில் மங்கலான புகார் போன்ற ஒன்றைக் கண்டார். அதற்கு முன்பே லூயிஸ் ஸ்விப்ட் அதைக் கண்டிருந்தார் என்பது வேறு கதை. கண்ணுக்குத் தெரிந்தது ஒரு துண்டு மட்டுமே. பின்னர் கலிபோர்னியாவின் லிக் வானாய்வு நிலையத்தில் அவர் படம் எடுத்தபோதுதான், அது வெள்ளிக்கூட்டத்தைச் சுற்றி நிற்கும் பெரிய வளையம் என்பது தெளிவானது. இன்று ரோசாப்பூ நெபுலா என்கிறோம். தூரம் ஏறத்தாழ 5,000 ஒளியாண்டு.

அந்தப் படங்களுக்கு அவர் பயன்படுத்திய வில்லார்ட் வில்லை, ஆட்களைப் படம் பிடிக்கவெனச் செய்யப்பட்ட பழைய ஸ்ரூடியோ வில்லை. மணிக்கணக்காகக் கண்ணாடித் தகட்டில் ஒளி விழவேண்டும். பூமி சுழல்வதால் வெள்ளிகள் நகரும். கருவியில் மணிக்கூட்டுப் பொறி இருந்தாலும் அதன் பிழையைக் கை திருத்தவேண்டும். குளிரில், வழிகாட்டும் ஒரு வெள்ளியை இழைக்குறுக்கில் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். சின்ன வயதில் கூரையில் செய்ததும் இதைத்தானே.

வளையத்தின் நடுவே ஏன் வெறுமை என்பதற்கான விடை அவர் காலத்தில் கிடைக்கவில்லை. நடுவிலுள்ள பாரிய வெள்ளிகளிலிருந்து செக்கனுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் வீசும் துகள் காற்று, சுற்றியிருந்த வாயுவை வெளியே தள்ளிவிட்டது. அவர் படம் பிடித்தது அந்தக் காற்று குடைந்த குழியை.

1923 பெப்ரவரி 6 அன்று இறந்தார். பால்வீதிப் படத்தொகுதிக்காக 35,700 பிரதிகளை ஒவ்வொன்றாகத் தானே பார்த்துத் தெரிந்திருந்தார். நூல் 1927இல் வெளிவந்தது.